விழுங்கக் கூடாத மிக்சர்: மலையக மருந்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்து ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நிற்கிற மருந்தாளர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருந்து திட்டம் போடுகிற சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் டீச்சர். அம்மா முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். மருந்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு போத்தலைத்தான் காட்டுவேன். 150 மில்லிலீட்டர் பிடிக்கிற, மண்ணிறப் போத்தல். கழுவிக் கவிழ்த்து, சாமிப்பட அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் ஒட்டிய லேபல் பாதி கிழிந்தும் பாதி ஒட்டியும் இன்னும் இருக்கிறது. இந்தக் கடிதம் அந்த லேபலைப் பற்றியது, அதற்குள் இருந்த மருந்தைப் பற்றியது, அந்த மருந்தைக் கலக்க ஏன் நாங்கள் மலை இறங்கிப் போகவேண்டி இருந்தது என்பதைப் பற்றியது.

அம்மாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புண். வெற்றிலை போடுகிற எல்லோருக்கும் வருகிற புண்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம், அவரும் விட்டுவிட்டார். விடிகாலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போகும்போது ஒரு வாய், மலையில் மழையிலும் குளிரிலும் நிற்கும்போது ஒரு வாய், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலை இல்லாத வெறும் பாக்கையே 2004இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த விஷயம். எங்களுக்குத்தான் ஒப்பரேஷன் முடிந்து, கதிர் சிகிச்சைக்குத் தேதி போட்ட பிறகு தெரிந்தது.

கதிர் சிகிச்சை வாரத்துக்கு 5 நாள், ஆறேழு வாரம். ‘கரண்ட் வைக்கிறாங்க’ என்பார் அம்மா. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் வாய்க்குள் தோல் உரிய ஆரம்பித்தது. நாக்கின் ஓரம், கன்னம், தொண்டை வரைக்கும் வெந்த புண். தண்ணீர் பட்டால் எரியும். எச்சில் விழுங்கினால் எரியும். கஞ்சியை ஆற வைத்து, வடிகட்டி, சிரிஞ்சால் பீச்சிக் கொடுத்தாலும் ஒரு வாய்க்கு மேல் இறங்காது. நான் பதறிப்போய் நகரத்துக் கடையில் இருந்த மவுத்வாஷ் ஒன்றை வாங்கி வந்தேன். நீல நிறம், புதினா வாசம், உள்ளே மதுசாரம். அதை வாயில் விட்டதும் அம்மா எழுந்து வெளியே ஓடிவிட்டார். மிளகாய்த் தூளை அள்ளிப் பூசின மாதிரி இருந்ததாம். அந்தப் போத்தலில் ‘புத்துணர்ச்சி’ என்று பொருள்படுகிற ஒரு ஆங்கில வார்த்தை பெரிதாக எழுதியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. கோபப்பட வேண்டியது என் மேல்தான்.

அடுத்த நாள் கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் அம்மாவின் வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, கடையில் விற்கிறது எதையும் இனி வாங்க வேண்டாம் என்று சொல்லி ஒரு துண்டு எழுதித் தந்தார். மூன்று மருந்து. பல் பிடுங்குமுன் ஊசியில் போடுவார்களே, அந்த விறைக்கிற மருந்து, லிக்னொகெய்ன், கூழ் வடிவத்தில். அலர்ஜிக்குக் கொடுக்கிற டைஃபென்ஹைட்ரமின். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை நிற அன்டாசிட் திரவம். மூன்றையும் அளவாகக் கலந்து ஒரு போத்தலாக்க வேண்டும். அன்டாசிட் இருப்பதால் மருந்து புண்ணில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். மதுசாரம் இல்லை, புதினா இல்லை. “இது கடையில் கிடைக்காது, உங்கள் அம்மாவுக்காகவே கலக்க வேண்டும்” என்றார். உங்கள் அம்மாவுக்காகவே என்று ஒரு டொக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கலக்க ஒரு இடம் தேடினோம். போன பார்மசிகளில் ‘ரெடியாக இருக்கிறதை எழுதி வாங்கிட்டு வாங்க’ என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் இன்றைக்கு ஆள் இல்லை, வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். கடைசியில் கண்டி நகரத்தில் வயதான மருந்தாளர் ஒருவர் துண்டை வாங்கிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஒரு மணித்தியாலம் பொறுங்க” என்று உள்ளே போனார். அன்று இரவு அம்மா நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினார். அதற்கு முந்தின எட்டு நாளும் உட்கார்ந்தபடியே இருந்தவர்.

சரி, இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்றால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த மருந்து தொடங்கிய இரண்டாவது வாரம், நான் பாடசாலைக்குப் போன நேரம், அத்தை அம்மாவைப் பார்த்துக்கொண்டார். போத்தலில் இருப்பது மிக்சர் என்று அத்தை நினைத்தார். ஏன் நினைக்க மாட்டார்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் போத்தலில் ஊற்றித் தருகிற எல்லாமே மிக்சர். மிக்சர் என்றால் விழுங்குவது. காலையில் ஒரு மேசைக்கரண்டி, பகல் ஒரு மேசைக்கரண்டி. அம்மாவின் தொண்டை முழுக்க விறைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கஞ்சி கொடுத்திருக்கிறார். விறைத்த தொண்டைக்கு எது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது. கஞ்சி மூச்சுக்குழாய்ப் பக்கம் போய், இருமி இருமி முகம் நீலமாகி, எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, பிள்ளைகள் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்கள். தோட்டத்து லொறியில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா தெளிந்துவிட்டார். ஆனாலும் அந்த இருபது நிமிட லொறிப் பயணத்தை நான் மறக்கப்போவதில்லை.

லேபலில் தப்பு ஒன்றும் இல்லை. நன்றாகக் குலுக்கவும், 10 மில்லிலீட்டர் வாயில் வைத்துக் கொப்புளித்துத் துப்பவும், விழுங்க வேண்டாம், பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், 14 நாளில் எறிந்துவிடவும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது, ஆங்கிலத்தில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. அத்தைக்கு இரண்டும் தெரியாது. தமிழைக் கூட்டிக் கூட்டி வாசிப்பார், பெரிய எழுத்தாக இருந்தால். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியாகிவிட்டது. மருந்துப் போத்தலின் லேபல் வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

அப்புறம் அந்தக் குளிர்சாதனப் பெட்டி. எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. ஒரு வீட்டிலும் பிரிட்ஜ் இல்லை. கடைக்கார அண்ணன் ஐஸ்கிறீம் வைக்கிற பெட்டியில் ஒரு மூலை கொடுத்தார், மருந்து உறைந்து கட்டியாகிவிட்டது. தோட்ட மருந்தகத்தில் ஒரு பிரிட்ஜ் உண்டு, அது தடுப்பூசிக்கு மட்டும். அதில் வேறு எதையும் வைக்கக் கூடாது என்பது சரியான சட்டம்தான், நானே என் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பேன். “இந்த ஊரே பிரிட்ஜ்தானே அம்மா, யன்னலோரம் வைங்க” என்று ஒரு நர்ஸ் மிஸ் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பில் குறும்பு இருந்தது, கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைக்கச் சொன்ன மருந்துக்கு எங்கள் யன்னலோரம் போதாது. பகல் வெயில் தகரக் கூரையில் விழுந்தால் லயத்துக்குள் இருக்கிற சூடு உங்களுக்குத் தெரிந்திருக்காது.

தண்ணீரில் கலக்கின மருந்தில், கெடாமல் இருக்க வேறு மருந்து சேர்க்காவிட்டால், கிருமி வளரும். அதனால்தான் 14 நாள், அதனால்தான் பிரிட்ஜ். அது எனக்கு இப்போது புரிகிறது. ஆளுக்கேற்ற மருந்து என்று சொன்னால் வாய்க்கு ஏற்றதாக இருந்தால் மட்டும் போதாது, வீட்டுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதும் புரிகிறது. பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு 14 நாள் போத்தல் ஒன்றைக் கொடுப்பதை விட, அங்கே எத்தனை நாள் தாங்கும் என்று நீங்கள் கணக்குப் பார்த்து, அந்த அளவுக்குச் சின்னப் போத்தலாகக் கொடுக்கலாம். கரைக்கிற மாத்திரையாகக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வாய்க்குள் வெள்ளை வலை மாதிரிப் படர்ந்து எரிகிற வியாதி ஒன்று இருக்கிறதே, லைக்கன் பிளேனஸ், அதற்கு பீட்டாமெதசோன் 0.5 மில்லிகிராம் மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கொப்புளித்துத் துப்பச் சொல்வார்களாம். அந்தந்த வேளைக்கு அந்தந்த மாத்திரை. பிரிட்ஜும் வேண்டாம், 14 நாளும் எண்ண வேண்டாம். இதைக் கேட்டபோது, இந்த நாட்டில் லயம் என்று ஒன்று இருப்பதை யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார் என்று தோன்றியது. யோசித்திருக்க மாட்டார்கள்தான். இருந்தாலும்.

நீங்கள் இளம் ஆட்களாக இருந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்காது: மருந்து கலக்குவது தோட்டங்களுக்குப் புதிய விஷயமே இல்லை. என் சின்ன வயதில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நாங்கள்தான் போத்தல் கொண்டுபோக வேண்டும். அப்பா குடித்து முடித்த கால் போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவி, வாயில் கடதாசியைச் சுருட்டி அடைத்து எடுத்துப் போவோம். டாக்டரய்யா பெரிய ஜாடிகளில் இருந்து ஊற்றி, கலக்கி, போத்தலின் பக்கத்தில் பல்லுப்பல்லாக வெட்டிய கடதாசித் துண்டொன்றை ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. எழுத்தே தெரியாதவர்களும் அந்தப் பல்லை எண்ணிக் குடித்தார்கள். வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டு நாக்கில் பூசிவிடுவார், இரண்டு நாளைக்கு நாக்கை நீட்டி நீட்டிக் காட்டித் திரிவோம். அந்தக் கலவைகள் எல்லாம் சரியான கலவைகள் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் ஒரே நிறத்து மிக்சர் வந்த நாட்களும் உண்டு. ஆனால் அந்தக் கடதாசிப் பல் ஒரு நல்ல யோசனை. அம்மாவின் போத்தலில் அப்படி ஒரு பல்லும், பக்கத்தில் துப்புகிற முகம் ஒன்றின் படமும் இருந்திருந்தால் அத்தை தப்பு செய்திருக்க மாட்டார்.

இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு கதையை எங்கள் பக்கத்தில் இருந்து சொல்லப்போகிறேன். அம்மாவின் பல் ஒன்றைக் கதிர் சிகிச்சைக்கு முன்னாடியே பிடுங்க வேண்டும் என்று பேராதனைப் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே படிக்கிற ஒரு பிள்ளை விலாசத்தை எழுதும்போது நிமிர்ந்து பார்த்து, “பூண்டுலோயாவா? டன்சினன் பக்கமா?” என்று கேட்டது. ஆமாம் என்றேன். “உங்கள் ஊரைப் பற்றி நாங்கள் படிக்கிறோமே” என்றது. நான் தேயிலையைப் பற்றி என்று நினைத்தேன். பல்லைப் பற்றியாம்.

ஹரால்ட் லோ என்று ஒரு நோர்வே நாட்டுப் பல் வைத்தியப் பேராசிரியர். 1970இல் அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் டன்சினன், ஹெரோ ஆகிய இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். எல்லோரும் 14 வயதில் இருந்து 31 வயதுக்குள். பல் வைத்தியரை அறியாதவர்கள், பிரஷ் பிடிக்காதவர்கள். எந்தச் சிகிச்சையும் கிடைக்காத வாயில் ஈறுநோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் நோக்கம். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். 100 பேரில் 8 பேருக்கு நோய் வேகமாகப் போய்ப் பற்களைத் தின்றுவிட்டது, 81 பேருக்கு மெதுவாகப் போனது, 11 பேருக்கு ஈறு வீங்கியதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. ஒரே அழுக்கு, ஒரே சாப்பாடு, ஒரே வேலை, ஆனால் மூன்று விதமான வாய். 1986இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை உலகம் முழுக்கப் பல் வைத்தியம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 2010இல் அந்த 480 பேரில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் பார்த்தார்கள். நாற்பது வருடம்.

அதே 1970ஆம் ஆண்டில் அதே லோ இன்னொருவரோடு சேர்ந்து வேறொரு கட்டுரையும் வெளியிட்டார். 0.2 வீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலில் 10 மில்லிலீட்டரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கொப்புளித்தால், பல் துலக்காவிட்டாலும் பல்லில் அழுக்குப் படியாது, ஈறு வீங்காது என்று காட்டிய கட்டுரை. இன்றைக்கு நீங்கள் யன்னலால் நீட்டுகிற வாய் கொப்புளிக்கிற மருந்துகளில் முக்கியமானது அந்தக் குளோர்ஹெக்சிடின்தானே. மருந்தைக் கண்டு சொன்ன அதே வருடம், அதே மனிதர், மருந்தில்லாத வாய் எப்படி இருக்கும் என்று பார்க்க எங்கள் மலைக்கு வந்திருக்கிறார். நான் அவரைத் திட்டவில்லை. அவர் வராவிட்டாலும் எங்கள் ஆட்களுக்குப் பல் வைத்தியர் கிடைத்திருக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பேராதனைப் பிள்ளை சொல்லி முடித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, “என்னடி சொல்லுது அந்தப் புள்ள?” என்று கையால் கேட்டார்.

இதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ஒரே தோட்டத்து, ஒரே லயத்து வாய்களே மூன்று விதம் என்றால், எல்லா வாய்க்கும் ஒரே போத்தலை நீட்டுவது என்ன நியாயம்?

குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்து. அதை எப்படிப் பாவிப்பது என்று யாராவது சொன்னால். பற்பசை போட்டுத் துலக்கின கையோடு கொப்புளித்தால் பற்பசையில் இருக்கிற நுரைப் பொருள் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும், அரை மணி நேரமாவது விட வேண்டும். தொடர்ந்து பாவித்தால் பல் மண்ணிறமாகும், நாக்கில் ருசி மாறும். தேத்தண்ணி குடித்தால் அந்தக் கறை இன்னும் கூடும். தேயிலை மலையில் ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்டி குடிக்கிற ஆட்களுக்கு இதைச் சொல்லாமல் கொடுத்தால் என்ன நடக்கும்? ‘மருந்து பல்லைக் கெடுத்துவிட்டது’ என்று மூன்றாம் நாளே போத்தலைத் தூக்கி வீசுவார்கள். வீசியும் இருக்கிறார்கள். கதிர் சிகிச்சையில் வாய் வெந்தவர்களுக்கு அந்தப் புண்ணைத் தடுக்க இது உதவாது என்றே புற்றுநோய்ப் பராமரிப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன, அங்கே பென்சிடமின் என்ற வேறொரு மருந்தைச் சொல்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிறவருக்குப் பல் பிடுங்கினால் ட்ரனெக்சாமிக் அமிலம் கலந்த நீரை வாயில் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். சீனி வருத்தக்காரர்களின் கட்டுப்பல்லுக்குக் கீழே வெள்ளை படிந்தால் நிஸ்டட்டின் என்ற பூஞ்சை மருந்து. ஆனால் நிஸ்டட்டினையும் குளோர்ஹெக்சிடினையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று கட்டிப்போட்டு, பூஞ்சைக்கு வேலை செய்யாமல் போய்விடுமாம். அப்படியென்றால் யாரோ ஒருவர் அறையில் உட்கார்ந்து, எதை எதோடு கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது என்று தெரிந்து கலக்க வேண்டும். அது டீச்சர் வேலை இல்லை, கடைக்காரர் வேலையும் இல்லை. உங்கள் வேலை. நீங்கள் படித்த வேலை. மாத்திரை எண்ணிக் கவரில் போடுவதற்கா அத்தனை வருடம் படித்தீர்கள்?

இவ்வளவும் சொன்ன பிறகு, கலவை மருந்து என்றால் மந்திரம் என்று நான் நம்புவதாக நினைக்க வேண்டாம். அம்மாவுக்குக் கொடுத்த அதே மூன்று மருந்துக் கலவைக்கு அமெரிக்காவில் ‘மந்திரக் கொப்புளிப்பு’ என்றே பட்டப்பெயர். 2019இல் அங்கே 275 நோயாளிகளை வைத்துப் பார்த்த ஆய்வில், கொப்புளித்த முதல் 4 மணி நேரத்தில் மருந்தில்லாத போலிக் கலவையை விட இதற்கு வலி அதிகம் குறைந்தது உண்மை, ஆனால் அந்த வித்தியாசம் சின்னது என்று அவர்களே எழுதினார்கள். அம்மாவுக்கு அந்தச் சின்ன வித்தியாசம்தான் ஒரு இரவுத் தூக்கம். வேறொருவருக்கு அது ஒன்றுமில்லாமல் போகலாம். உப்பும் அப்பச்சோடாவும் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி, ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில். இந்தக் கொப்புளிப்புக்குப் பார்மசியும் வேண்டாம், துண்டும் வேண்டாம். அந்த டொக்டர் அதையும் சேர்த்துத்தான் சொன்னார், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு. சொல்லப்போனால் அம்மா அதைத்தான் ஒழுங்காகச் செய்தார், ஏனென்றால் அது அவர் கையால் கலக்கியது.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. விறைக்கிற மருந்து வலியை மறைக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் வலி போனால் வியாதி போனது என்று நினைப்பவர்கள். பல்வலிக்குக் கராம்பை வைத்து, படிகாரத்தில் கொப்புளித்து, அதுவும் சரிவராவிட்டால் புகையிலையையே பல்லில் அடக்கி வைத்து, வேலைக்குப் போய் ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, காப்பாற்றுகிறவர்கள். இவர்கள் கையில் வாயைப் பார்க்காமல் ஒரு விறைப்புப் போத்தலைக் கொடுத்தால், கன்னத்தில் இருக்கிற, புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு இன்னும் ஆறு மாதம் ஒளிந்திருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் ஒரு பல் வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். பாக்குப் போட்டுப் போட்டு வாய் இறுகி, இரண்டு விரல் கூட நுழையாமல் திறக்க முடியாமல் போனவர்களுக்கு எந்தக் கொப்புளிப்பும் அந்த இறுக்கத்தை அவிழ்க்காது. பாக்கை நிறுத்த வேண்டும், வாய்ப்பயிற்சி செய்ய வேண்டும். அவர்களிடம் போத்தலை நீட்டி அனுப்பிவிடாதீர்கள்.

அப்போ நான் கேட்பது என்ன?

திக்கோயா, நுவரெலியா, பதுளை போன்ற ஊர்களில் இருக்கிற ஆஸ்பத்திரிகளிலாவது, மருந்து கலக்க ஒரு மேசை. அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். அளவுக் குழாய், தராசு, சுத்திகரித்த நீர், மண்ணிறப் போத்தல், யாருக்கு எதை எப்போது கலந்தோம் என்று எழுத ஒரு கொப்பி, கலக்குவதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்ட ஒரு மருந்தாளர். கண்டியில் கலக்குகிறதும் பதுளையில் கலக்குகிறதும் ஒரே அளவில் இருக்க, எல்லோரும் பார்க்கிற ஒரே கலவைப் புத்தகம். எந்தக் கலவை பிரிட்ஜ் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்றும் அதில் இருக்க வேண்டும். புற்றுநோய் கிளினிக்கில் இருந்து துண்டு வந்தால், அந்த ஆள் எந்தத் தோட்டம் என்று பார்த்து, கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ள ஒரு ஏற்பாடு. வாய் வெந்த ஒருவரின் மகள் ஒரு போத்தலுக்காக விடியற்காலை பஸ் ஏறி, இரவு வந்து சேர்வதை நிறுத்த இது போதும். போத்தலோடு 10 மில்லிலீட்டர் அளவுக் கிண்ணம் ஒன்று, ஏனென்றால் எங்கள் வீட்டு மேசைக்கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

அப்புறம் லேபல். தமிழில், பெரிய எழுத்தில். முடிந்தால் எங்கள் தமிழில். சுகாதாரத் துண்டுப்பிரசுரம் ஒன்றில் ‘முரசு வீக்கம்’ என்று எழுதியிருந்ததை அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கோயில் திருவிழாவைப் பற்றி ஏதோ என்று நினைத்தார். யாழ்ப்பாணத்தில் முரசு, எங்களுக்கு ஈறு. இரண்டையும் எழுதுங்கள், இடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில், ‘இது குடிக்கிற மிக்சர் இல்லை, கொப்புளித்துத் துப்பவும்’.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறோம். எச்சில் சுரப்பது குறைந்துவிட்டதால் எப்போதும் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். வெற்றிலையை விட்டுவிட்டார், வெற்றிலைப் பையை விடவில்லை, இடுப்பில் வெறுமனே சொருகியிருக்கிறார். அத்தை இன்னும் அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

லேபலைத் தமிழில் எழுத ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் பாடசாலை இல்லை. கரும்பலகையில் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரிகிற மாதிரி எழுதிப் பழகின கை, ஒரு நாளைக்கு நூறு லேபல் எழுதும்.

இப்படிக்கு,
பூண்டுலோயாவில் இருந்து ஒரு டீச்சர்